ஒரு டொபியை வைத்துப் பிள்ளையை அளக்கலாமா?

சேருக்கு வணக்கம்,

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். தரம் 4, 5 பிள்ளைகள். சம்பளம் இல்லாத வேலைதான். அண்மையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் மார்ஷ்மெல்லோ (பஞ்சுபோன்ற வெள்ளை இனிப்பு) பரிசோதனை பற்றிச் சொன்னார்கள். இனிப்பைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் நன்றாக வந்தார்களாம். நானும் செய்து பார்த்தேன். ஆளுக்கொரு டொபி கொடுத்து, "நான் வரும்வரை வைத்திருந்தால் இன்னொன்று" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது ஐந்து பேர் தின்றிருந்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பையன் கெட்டிக்காரன், ஆனால் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். பிஸ்கட் பெட்டியைத் திறந்தால் அவன் கைதான் முதலில் நீளும். அவனுடைய அம்மாவிடம் சொன்னால், "ரெண்டு போடுங்க டீச்சர், அடிச்சாத்தான் அடங்குவான்" என்கிறார். வீட்டில் போன் வேறு. இந்தப் பிள்ளைகளுக்குச் சுயகட்டுப்பாட்டை எப்படிப் பழக்குவது? இப்போதே பிடிக்காவிட்டால் பிந்திவிடுமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த ஐந்து பெயர் எழுதிய தாளைக் கிழித்துவிடுங்கள். பிறகு பேசுவோம்.

அந்தப் பரிசோதனை உண்மைதான். ஆனால் பட்டறைகளில் சொல்லும் கதைக்கும் அதற்கும் தூரம் அதிகம். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் பாலர் பாடசாலையில் அதைத் தொடங்கினார். காத்திருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் என்னதான் செய்கிறது என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். எந்தப் பிள்ளை உருப்படும் என்று சோதிடம் பார்க்க அவர் உட்காரவில்லை. இனிப்பு கண்ணெதிரே கிடந்தால் பிள்ளைகள் சீக்கிரம் கைவைத்தார்கள்; மூடிவைத்தால் நெடுநேரம் இருந்தார்கள். சிலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் தமக்குள் பாட்டுப் பாடினார்கள். "அதை வெள்ளை மேகம் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுத்தால் இன்னும் தாக்குப்பிடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டியவர்கள் தோற்றார்கள், கவனத்தை வேறு பக்கம் திருப்பத் தெரிந்தவர்கள் தேறினார்கள். அது யாருக்கும் சொல்லிக்கொடுக்கக்கூடிய வித்தை. பட்டறையில் ஏன் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

"பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள்" என்பது 1990இல் வெளிவந்த தொடராய்வு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த படித்த குடும்பங்களின் பிள்ளைகள், தொகையும் சிறியது. 2018இல் பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது, காத்திருந்த நேரத்துக்கும் 15 வயதில் எடுத்த புள்ளிகளுக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் கண்டதில் பாதி அளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் சிறுவயதுத் திறனையும் கணக்கில் எடுத்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

இதைவிட முக்கியமானது அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளிவந்த சின்ன ஆய்வு. 28 பிள்ளைகள்தான். இனிப்புக்கு முன்னால் அவர்களிடம் பழைய வர்ணப் பென்சில்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்திரு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடியே வந்தது. மற்றப் பாதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்றார்கள். பிறகு ஸ்டிக்கர், அதிலும் அதே கதை. அதற்குப் பிறகே இனிப்பு. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். சற்று முன்னால் ஒரு பெரியவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைத் தவிர இரண்டு கூட்டத்துக்கும் வேறு வித்தியாசம் எதுவும் வைக்கப்படவில்லை.

இப்போது உங்கள் பையனிடம் வருவோம். "அடுத்த சம்பளத்துக்குச் சப்பாத்து" என்று அவன் அம்மா சொல்லியிருப்பார். மனதாரத்தான் சொல்லியிருப்பார். அந்த மாதம் மழை, கொழுந்து குறைவு, சொன்ன கிலோ வரவில்லை, நாலைந்து நாள் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிட்டது. தீபாவளி அட்வான்ஸ் வேறு பிடிபடும். சப்பாத்து போய்விட்டது. அம்மா பொய்காரி இல்லை, ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கையில் கிடைத்த சேதி, சொன்னது வரவில்லை என்பதுதான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் எத்தனை மேடைகளில் பேசப்பட்டது! கடைசியில் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். பெரியவர்கள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் இதையெல்லாம் பேசும்போது பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இன்னொன்றும் உண்டு: காம்பராவில், அதாவது லய அறையில், எடுத்துவைத்த டொபி யாருடைய டொபியும் ஆகலாம். தின்றால்தான் தன்னுடையது. இத்தனையும் தெரிந்த பிள்ளை "இன்னொன்று தருவேன்" என்ற வாக்கை நம்பாமல் உடனே தின்றால் அதைக் கட்டுப்பாடு இல்லாமை என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்று நீங்களே எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம், நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். அதே பையனை மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாருங்கள். பானை பொங்கி இறக்கி, இலையில் படைத்து, பூசாரி மணியடித்துக் கற்பூரம் காட்டி, திருநீறு கொடுத்து முடியும்வரை சர்க்கரைப் பொங்கலின் மணம் மூக்கைத் துளைக்கும். ஒரு பிள்ளை கைவைக்காது. பிரம்போடு யாரும் நிற்பதில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்கள், முடிவில் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதும் நிச்சயம், அவ்வளவுதான். 2022இல் வந்த ஓர் ஆய்வில், ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்கு அதிக நேரம் காத்திருந்தார்கள், பொதிசெய்த பரிசுக்கு அவ்வளவு இல்லை. அமெரிக்கப் பிள்ளைகள் நேர்மாறு. ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறும்வரை சாப்பாட்டில் கைவைக்காத வழக்கம், அமெரிக்காவில் நத்தார் வரை பரிசைப் பிரிக்காத வழக்கம். பழகிய இடத்தில் பொறுமை தானாக வருகிறது.

சுயகட்டுப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் பேரளவில் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். சிறுவயதில் கட்டுப்பாடு கூடியவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் காசு விஷயத்திலும் மேலாக இருந்தார்கள் என்று 2011இல் எழுதினார்கள். குடும்ப வசதியையும் புத்திக்கூர்மையையும் கழித்துப் பார்த்த பிறகும். ஆனால் அதை அவர்கள் அளந்த விதத்தைக் கவனியுங்கள். 3 வயது தொடங்கி 11 வயது வரை, பெற்றோர், ஆசிரியர், அவதானிப்பாளர் எனப் பலர் பலமுறை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு பின்னேரம், ஒரு டொபி, ஒரு தாள் என்ற கதை அங்கே இல்லை.

சரி, வகுப்பில் என்ன செய்வது? பிஸ்கட்டை முதலில் கொடுங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. அம்மா மலையிலிருந்து இறங்க ஐந்தாகும். காலையில் தின்ற ரொட்டியோடும் சாயத்தண்ணியோடும் நாலு மணிக்கு வந்து உட்காரும் பிள்ளையின் பசியை நீங்கள் கட்டுப்பாடு என்ற பெயரில் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொடுத்து முடித்ததும் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள், மேசையில் வேண்டாம். மிஷெலின் பிள்ளைகளுக்கே கண்ணுக்கு மறைந்த இனிப்புத்தான் சுலபமாக இருந்தது.

கணக்குச் செய்யும்போது அவன் வாய்க்குள் முணுமுணுத்தால் தடுக்க வேண்டாம். "மூணுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்று அவன் தனக்கே சொல்லிக்கொள்வது சத்தம் போடுவதாகாது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930களிலேயே இதை எழுதிவைத்தார்: பெரியவர் வெளியிலிருந்து சொன்னதைப் பிள்ளை முதலில் வாய்விட்டுத் தனக்குச் சொல்கிறது, பிறகு அதுவே சத்தமில்லாத யோசனையாகிறது. நாமோ "வாயை மூடிச் செய்" என்று நடுவில் புகுந்துவிடுகிறோம். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற நம்பிக்கையை அதிபர்மாரிடமிருந்து நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

வீட்டுப்பாடத்துக்கு "ஒழுங்காகச் செய்" என்று அனுப்பாமல், "தம்பி அழுதால் எந்த இடத்தில் நிறுத்துவாய், திரும்பி வந்து எதிலிருந்து தொடங்குவாய்?" என்று கேட்டு அவன் வாயாலேயே பதில் சொல்ல வையுங்கள். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துவைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். பத்து நிமிடம்தான் இருப்பான் என்றால் ஒன்பதாவது நிமிடத்தில் நீங்களே எழுப்பிவிடுங்கள், கொப்பிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் வாக்குகளைக் குறையுங்கள். "நாளைக்குப் பந்து விளையாடலாம்" என்று சொன்னால் மழை பெய்தாலும் மண்டபத்துக்குள்ளாவது பந்து வர வேண்டும். நிச்சயம் இல்லாததைச் சொல்லவே வேண்டாம்.

பிந்திவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். பிந்தாது. திட்டமிடுவதற்கும் தன்னை நிறுத்திக்கொள்வதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோடு எதுவும் முடிந்துவிடாது, பரீட்சையைச் சுற்றி நாம் போடும் கூச்சல் அப்படி ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

அடிக்கச் சொல்லும் அம்மாவோடு வாதாடப் போக வேண்டாம். விடியற்காலையில் எழும்பி, சமைத்து, பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) ஓடி, நாள் முழுக்கக் கூடையோடு நின்றுவிட்டு வருகிறவர். அடி உடனே சத்தத்தை நிறுத்துகிறது, அவருக்குத் தேவையானதும் அந்த ஒரு மணி நேர அமைதிதான். ஆனால் பிரம்புக்கு அடங்கும் பிள்ளை பிரம்பு இருக்கும் திசையைத்தான் பார்க்கப் பழகும், தன்னைப் பார்க்கப் பழகாது. "பாடசாலையிலயே அடிக்கக் கூடாதுன்னு கல்வி அமைச்சு சுற்றறிக்கை போட்டிருக்கு அக்கா, நானும் அடிக்க மாட்டேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, அவன் சரியாகச் செய்த ஏதாவது ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். அவனைப் பற்றி ஆசிரியர்களிடமிருந்து முறைப்பாடு மட்டுமே கேட்டுப் பழகியவராக இருப்பார்.

போன் விஷயத்தையும் அப்போதே பேசிவிடலாம். எவ்வளவு நேரம் என்பதைக் கையில் கொடுக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். வாங்கி வைப்பவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும், அப்பா ஒரு நாள் பறிப்பதும் பாட்டி மறுநாள் ஒளித்துக் கொடுப்பதுமாக இருந்தால் பிள்ளை பழகுவது பேரம்தான். வாங்கி வைத்த போனைப் பெரியவர் அதே நிமிடம் தன் கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கக் கூடாது. இதைக் கேட்டதும் அந்த அம்மா சிரித்தால், அப்பாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பேசுங்கள்.