பத்திரத்தில் இருக்கும் 'மைனர்'

கேள்வி: எங்கள் பூர்வீக நிலத்தின் 1934-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில், அப்போது 11 வயதாக இருந்த என் தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'மைனர்' என்று எழுதியிருக்கிறது. ஊரிலும் அவரைக் கடைசிவரை 'மைனர்' என்றே அழைத்தார்களாம். கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு திரிந்த ஷோக்குப் பேர்வழிகளை 'மையினர்' என்று சொல்லி, அதுவே மைனர் ஆயிற்று என்கிறார் என் மாமா. என் தாத்தா அப்படிப்பட்டவரா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் மனக்கலக்கத்தைப் போக்கிவிடுகிறேன். பத்திரத்தில் உள்ள 'மைனர்' உங்கள் தாத்தாவின் நடத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் வயது வராத பிள்ளை என்பதை மட்டுமே சொல்கிறது. தகப்பனை இழந்த சிறுவனின் சொத்தை விற்கும்போது, 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான' இன்னார் என்று தாயின் பெயரைச் சேர்த்து, மைனரின் நன்மையை முன்னிட்டு விற்பதாக எழுதுவது பத்திர எழுத்தர்களின் வழக்கம். வாங்குபவருக்கும் அந்த வரி முக்கியம். ஏனெனில் பிள்ளை வயதுக்கு வந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போட முடியும்.

மாமாவின் 'மையினர்' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. மைனர் என்பது ஆங்கிலச் சட்டச்சொல். கச்சேரி, அதாவது அந்தக் கால நீதிமன்றம், அரசு அலுவலகம் வழியாக நம் ஊருக்குள் வந்தது. வயது வராதவரைக் குறித்த சொல், எப்படி வாட்டசாட்டமான ஆணின் பட்டப்பெயர் ஆயிற்று என்பதுதான் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம்.

சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி மூலம் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' ஏற்பட்டது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், அந்த அமைப்பு ஜமீனை எடுத்து நடத்தி, கடனை அடைத்து, வாரிசின் படிப்பையும் கவனித்து, அவன் வயதுக்கு வந்ததும் சொத்தை ஒப்படைக்கும். சென்னைத் தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்ற மாளிகையில், ஆங்கிலேயர் பொறுப்பில், இத்தகைய மைனர்களுக்கென்றே ஒரு கல்விக்கூடம் நடந்தது. 1875-ஆம் ஆண்டின் வயதுச் சட்டம் மற்றவர்களுக்குப் பதினெட்டு வயது என்று வைத்தபோது, இந்த அமைப்பின் பாதுகாப்பில் இருந்தவர்களுக்கும் நீதிமன்றம் கார்டியன் நியமித்தவர்களுக்கும் இருபத்தொன்று என்று வைத்தது. ஆகவே மீசை முளைத்து, குதிரையேறி, பட்டணத்துத் துணியில் சட்டை தைத்துப் போட்ட இருபது வயது இளைஞனும் சட்டத்தின் கண்ணில் மைனர்தான். அவன் தெருவில் வரும்போது 'மைனர் வர்றார்' என்று எழுந்து நின்ற குடியானவருக்குச் சட்டம் தெரியாது. அவர் கண்ட மைனர் என்பது கழுத்துச் சங்கிலியும் அத்தர் வாசனையும்தான்.

அங்கிருந்துதான் பொருள் கிளைத்தது. பிறகு ஜமீன் இல்லாத மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் போயிற்று. (அரபியிலிருந்து வந்த 'மிராசு' என்பதற்கும் பரம்பரைச் சொத்து என்பதே பொருள்.) உழைக்காமல் வந்த பணத்தைச் செலவழிப்பவன், பெண்கள் பின்னால் சுற்றுபவன் என்ற கெட்ட பொருள்களும் வந்து ஒட்டிக்கொண்டன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின்னும் சொல் ஒழியவில்லை. சட்டைக்கு வெளியே தெரியும்படி போடும் 'மைனர் செயின்' நகைக்கடைகளில் இன்றும் அதே பெயரில்தான் விற்கிறது. தலையை வழித்து வாரிக்கொண்டு கிளம்பும் மகனை, 'பெரிய மைனர்னு நெனப்பு' என்று தாய் வைகிறாள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. நன்றாக உடுத்தும் பெண்ணை யாரும் மைனர் என்று சொல்வதில்லை. செய்தித்தாளில் 'மைனர் பெண்' என்று வந்தால் அது வயது ஒன்றையே குறிக்கும். பெரும்பாலும் அவளுக்கு நேர்ந்த ஒரு கொடுமையைப் பற்றிய செய்தியாகவும் இருக்கும். ஒரே சொல் ஆணுக்கு மிடுக்காகவும் பெண்ணுக்கு ஆதரவற்ற நிலையாகவும் நிற்பதற்குக் காரணம், அன்று சொத்தும் ஊர்சுற்றும் உரிமையும் யாரிடம் இருந்தன என்பதே.

உங்கள் தாத்தாவின் ஊர்ப்பெயருக்கு வருகிறேன். சிறு வயதில் நிலத்துக்கு வாரிசானவரை 'மைனர்' என்று அழைக்கத் தொடங்கி, அவர் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படியே கூப்பிடுவது நம் கிராமங்களில் சாதாரணம். ஆகவே அந்தப் பெயரை மட்டும் வைத்து அவரைத் தவறாக எண்ண வேண்டாம். அவரோடு பழகிய முதியவர் எவரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அங்கே கையெழுத்தோ கைநாட்டோ இருப்பது உங்கள் கொள்ளுப்பாட்டியுடையதாகத்தான் இருக்கும். உங்கள் தாத்தாவுக்குப் பதினெட்டு நிறைந்தது 1941 வாக்கில். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல் உங்கள் தாத்தா தாமே கையெழுத்திட்ட பத்திரம் ஒன்று கிடைக்கக்கூடும்.