குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி: அக்கா, ஓமலூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நல்ல தண்ணிக் குழாயில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை மேட்டூர் தண்ணீர் வருகிறது. திறந்ததும் கலங்கலாக வந்து அப்புறம் தெளிகிறது, சில நாள் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கிறது. கேன் தண்ணி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். இத்தனை வருஷமும் இதைத்தானே குடித்தோம் என்கிறார் மாமியார். வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது, என்ன செய்யட்டும்?

பதில்: காய்ச்சிக் குடியுங்கள், குழந்தைக்கு மட்டுமல்ல, எல்லோரும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம் போனால் போதும். அப்படியே மூடி ஆறவிட்டு, அதே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்கிற வீட்டுக்குக் கேன் தண்ணி தேவையில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சீலும், நிரப்பிய தேதியும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிளீச்சிங் வாடைக்குப் பயப்பட வேண்டாம். தொட்டியிலிருந்து உங்கள் வாசலுக்கு வரும் வழியில் சேரும் கிருமியைக் கொல்லக் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். திறந்து வைத்தால் வாடை தானாகப் போய்விடும். வாரக்கணக்கில் துளி வாடைகூட இல்லாமல் வந்தால்தான் பேரூராட்சியில் போய்க் கேட்க வேண்டும். குளோரின் பார்க்கிற ஒரு சின்னச் சோதனைப் பெட்டி உண்டு, அதில் உங்கள் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டால் குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சளாகும், உங்கள் வீட்டுக் குழாயிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையான கவலை அந்தக் கலங்கல்தான். நாலு நாள் தண்ணீர் விடாதபோது குழாய் காலியாகக் கிடக்கிறது. பல தெருக்களில் அது சாக்கடையை ஒட்டியோ சாக்கடைக்குள்ளேயோ போகிறது, எங்காவது ஒரு விரிசல் இருந்தால் வெளியே நிற்கும் அழுக்கு உள்ளே இறங்கிவிடும். மறுபடி விடும்போது முதலில் வருவது அதுதான். அதனால் முதல் சில குடங்களைச் செடிக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொண்டு, நன்றாகத் தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் ஏறவில்லை என்று வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருக்கிற வீடுகள் நம் ஊர்ப் பக்கம் எத்தனை! ஒரு மழை பெய்தால் குழி நிறைந்துவிடும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில்தான் போகும், மூடியில்லாத குழாய் முனை அதிலேயே முங்கிக் கிடக்கும். தண்ணீர் நின்றதும் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அடுத்த முறை அது உங்கள் குடத்துக்கு வராவிட்டால் பக்கத்து வீட்டுக் குடத்துக்கு வரும். மோட்டார் போட்டு உறிஞ்சுவது இதைவிட மோசம், விரிசல் வழியே சாக்கடையையே இழுத்துவிடும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தெருத் தெருவாக வருவதற்கு இது ஒரு பெரிய காரணம், அதனால் தயவுசெய்து உங்கள் தெருவில் எல்லோரிடமும் பேசுங்கள். குழியை மூடிக் குழாயைத் தரைக்கு மேலே கொண்டுவர முடியாவிட்டால், முனைக்கு ஒரு மூடியாவது போடுங்கள், குழியில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

பிடித்து வைத்த டிரம்மில் சொம்போடு கையை விடாதீர்கள், நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால் மொள்ளுங்கள். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டெங்கு கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் குடியிருக்கிறோம். ஊற்றிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கிறோம், பளிங்கு மாதிரி இருக்கும். இதையும் காய்ச்ச வேண்டுமா? மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், கிருமி சாகாது என்கிறார்களே?

பதில்: காய்ச்சத்தான் வேண்டும் தம்பி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே ஏறக்குறைய 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் என்பது சரி. ஆனால் நோய்க் கிருமிகள் அதற்கு முன்பே செத்துவிடும், உங்களுக்கும் அதே ஒரு நிமிஷம் போதும். தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம். ஊற்றுக்கு மேல்பக்கம் கக்கூஸ் குழியோ மாட்டுக் கொட்டகையோ இருக்கிறதா என்று ஒருநாள் ஏறிப் பாருங்கள். காப்பிச் செடிக்கு அடிக்கும் மருந்து ஊற்றில் கலந்தால் காய்ச்சினாலும் போகாது, அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் வேறு ஊற்றைப் பாருங்கள்.

கேள்வி: வாழப்பாடி பக்கம் எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் விற்க வந்தவர் மீட்டரை விட்டு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) 900 என்று காட்டி, இது விஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சினால் சரியாகிவிடுமா?

பதில்: 900 என்பது விஷம் இல்லை. 500க்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. சேலத்து மண்ணில் மேக்னசைட் என்ற மக்னீசியக் கல்லையே வெட்டி எடுக்கிறோம், இங்கே தண்ணீர் கடினமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். அந்த மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, எந்த உப்பு என்றும் தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஃப்ளோரைடும் நைட்ரேட்டும். நம் பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் பாதித்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டவே கூடாது. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கலக்க அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். இவை இரண்டும் காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ அதிகம் என்று வந்தால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் கிடைக்கிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அது, குளிக்கவும் துவைக்கவும் போர்.