பதில்: தம்பிக்கு ஈ.பி.ஓ ஊசி, ஹெமட்டோகிரிட் 54

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் சைக்கிள் ஓட்டும் தம்பி ஈ.பி.ஓ (சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன்) ஊசி போடுகிறார், ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதம், தலைவலி வேறு. ஊசியை நிறுத்தினால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. மருந்து சில நாளில் போய்விடும், அது உண்டாக்கிய சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதுவரை கெட்டியான இரத்தத்தை இதயம் தள்ளியாக வேண்டும். செம்பனைத் தோட்டத்து வெயிலில் வியர்த்தால் நீர் வற்றி அந்த எண் இன்னும் ஏறும். நீண்ட ஓட்டம் இப்போது வேண்டாம்.

இன்றே கிளினிக் போய் பிரஷர் பாருங்கள், ஈ.பி.ஓ அதையும் ஏற்றும், தலைவலிக்கு அது காரணமாக இருக்கலாம். முழு இரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை) கேளுங்கள், இரும்புச் சத்தும் சேர்த்துப் போட்டிருப்பார். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, குப்பியையும் காட்டுங்கள். ஆஸ்பிரினோ, கெட்டியைக் குறைக்க இரத்தம் எடுப்பதோ அவர் முடிவு, உங்களுடையது அல்ல.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே 999ஐ அழையுங்கள்.

குப்பி பார்சலில் வந்ததா? 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு அது. ஈ.பி.ஓ ஒரு புரதம்; கெட்டுப்போன அதற்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டானால், உடம்பின் சொந்த ஈ.பி.ஓவையும் அது முடக்கும். அபூர்வம்தான், ஆனால் எலும்பு மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

விளையாட்டில், போட்டி இல்லாத நாளிலும் ஈ.பி.ஓ தடைதான். பிடிபட்டால் வழக்கமாக 4 ஆண்டு போட்டித் தடை.