டைம்ஷேர் வாங்க ஆள் ரெடியாம், காசு கட்டலாமா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல வேல செஞ்சப்ப ஒரு ஹாலிடே டைம்ஷேர் (வருஷத்துல சில நாள் ரிசார்ட்ல தங்கற உரிமை) வாங்கிப் போட்டாரு, வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் காசு போய்க்கிட்டே இருக்கு. இப்ப ஒருத்தரு போன் பண்ணி, 30,000 வெள்ளிக்கு வாங்க ஆள் ரெடி, முதல்ல 1,800 வெள்ளி லீகல் ஃபீஸ் பேங்க்ல போடுங்கன்றாரு. போடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒரு காசும் போடாதீங்கம்மா. விக்கிறது நீங்க, வாங்குறது அவங்க, அப்புறம் நீங்க எதுக்கு முதல்ல கட்டணும்? 1,800 கட்டினா அதோட விடமாட்டாங்க, அடுத்து டேக்ஸும்பாங்க, ஸ்டாம்ப் டூட்டிம்பாங்க, கட்டினத விட மனசு வராம நீங்களும் கட்டிக்கிட்டே இருப்பீங்க. பழைய டைம்ஷேருக்குப் பொதுவா வாங்குன விலையே கிடைக்காது, இதுல 30,000 தர யாரு காத்துக்கிட்டு இருக்கா சொல்லுங்க! மெம்பர் நம்பர் வரைக்கும் கரெக்டா சொல்றாருன்னு நம்பாதீங்க, அந்த லிஸ்ட்டெல்லாம் எப்படியோ வெளிய போயிடுது. காசு போடச் சொல்ற அக்கவுண்ட் தனி ஆள் பேர்ல இருந்தா மோசடிதான், சந்தேகமே வேணாம், மோசடி அக்கவுண்டப் பாக்கற போலீசோட செமாக் மியூல் வெப்சைட்லயும் அந்த நம்பரத் தட்டிப் பாருங்க, ஆனா அதுல பேரு இல்லன்னா நல்லவன்னு அர்த்தமில்ல. பழைய அக்ரிமென்ட்ல இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு, மெம்பர்ஷிப்ப மாத்த முடியுமா, பாக்கி எவ்வளவுன்னு கேளுங்க.

ஏற்கெனவே கட்டிட்டீங்கன்னா உடனே மோசடிப் புகார் லைன் 997க்கு அடிங்க, போலீஸ் ரிப்போர்ட்டும் குடுங்க. போன காச மீட்டுத் தரேன்னு இன்னொருத்தன் ஃபீஸ் கேட்டு வருவான், அவனும் அதே கூட்டம்தான்.