சித்தப்பா சொன்ன ஏஐ கோர்ஸ் வேண்டாம், அம்மா

போன சனிக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாயும் மகளும் படிப்பு, வேலை பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். மகளுக்கு 26 வயது. பி.இ. முடித்துவிட்டு நான்கு வருடமாகத் திருவனந்தபுரத்தில், டெக்னோபார்க்கில், சர்வர் சப்போர்ட் வேலை. வாரக் கடைசியில் குழித்துறை ஸ்டேஷனில் வந்து இறங்குகிற நம் ஜில்லாப் பிள்ளைகளில் ஒருத்தி. அவள் டீமில் 11 பேர் இருந்தார்கள், இப்போது 6 பேர். பாஸ்வேர்டு மாற்றித் தருவது, டிஸ்க் நிரம்பினால் கவனிப்பது மாதிரியான டிக்கெட்டுகளை (உதவி கேட்டு வருகிற பதிவுகளை) இனிமேல் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"இவளுக்க சித்தப்பா பெங்களூர்ல இருக்காவ சார். இனி எல்லாமே ஏஐதான், டேட்டா சயின்ஸ்ல உடனே சேருங்கன்னு சொல்லுகாவ" என்றார் தாய். கையில் பளபளவென்று ஒரு பிரசுரம். 11 மாதம், ஆன்லைன் வகுப்பு, கட்டணம் ரூ.2,80,000, 24 மாதத் தவணை. கழுத்துச் சங்கிலியைத் தொட்டபடியே, நகையை வைத்தால் பாதியை முதலிலேயே கட்டிவிடலாம் என்றார்.

தண்ணீர் கொடுத்து, பயப்படாதீங்க அம்மா என்றேன். ஆறுதல் அதோடு சரி. பிரசுரத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் வேலை, சம்பளம். கீழே கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் 'பிளேஸ்மென்ட் உதவி'. வேலை தருகிறோம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, உதவுவோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். ரூ.2,80,000-ஐ 24 மாதத்துக்குப் பிரித்தால் வட்டி இல்லாமலே மாதம் ரூ.11,666. பெண்ணின் சம்பளம் ரூ.27,000. ஹாஸ்டலும் சாப்பாடும் ரூ.9,000. மிச்சமிருப்பது ரூ.6,000 சொச்சம், அதிலும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆறு பேர் நாளைக்கு மூன்று பேரானால்? இந்த மாதிரி தவணைகளில் பெரும்பாலும் பிள்ளை கையெழுத்துப் போடுவது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். மூன்றாம் மாதமே வகுப்பு பிடிக்காமல் விட்டாலும் கடன் விடாது. வேலை ஆட்டம் கண்டிருக்கிற நேரத்தில் கடன் வாங்கிப் படிக்கவே கூடாது. இதில் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அப்புறம் பெண்ணிடம் திரும்பினேன். "நீ சொல்லு மக்களே, வேலையில எப்போ உனக்கு சந்தோஷமா இருந்தது?"

அதுவரை தலையைக் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். ஒரு நாள் ராத்திரி 2 மணி. ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. சர்வரில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கிற பெரிய லாக் கோப்பு ஒன்றை அழித்தும் இடம் திரும்பவில்லை. கூட இருந்தவர்கள் மெஷினையே ரீஸ்டார்ட் செய்யலாம் என்றார்கள். அழித்த கோப்பை ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று இவள்தான் கண்டுபிடித்தாள். அந்த ஒரு சர்வீஸை மட்டும் நிறுத்தித் துவக்கினாள், இடம் திரும்பிவிட்டது. சொல்லும்போது கையெல்லாம் பேசியது. டேட்டா சயின்ஸுக்கு அடிப்படையான புள்ளியியல் பிடிக்குமா என்று கேட்டேன். பிளஸ் டூ கணக்கே பிடிக்காது சார் என்றாள்.

இதைக் கேட்ட பிறகும் அவளை டேட்டா சயின்ஸுக்கு அனுப்பினால் நான் எதற்கு இந்த நாற்காலியில்?

கிளவுட், நெட்வொர்க் சான்றிதழ்களைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். சப்போர்ட் வேலையில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ, அதாவது லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை (மெஷினை ஓட வைக்கிற அடிப்படை மென்பொருளை) நிர்வகிப்பவருக்கான சான்றிதழ். ஏஐ வந்த பிறகு லினக்ஸா என்று கேட்கிற சித்தப்பாக்களுக்கு ஒரு தகவல்: உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஒன்றுவிடாமல் எல்லாம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஏஐ ஓடுகிற சர்வர்களும் பெரும்பாலும் அப்படியே. அவை ராத்திரி 2 மணிக்கு மக்கர் செய்தால் யாராவது போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்தத் தேர்வில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. உயிரோடு ஓடுகிற மெஷின்களைக் கொடுத்து, செய்ய வேண்டிய வேலைகளையும் கொடுத்துவிடுவார்கள். மொத்தம் சுமார் மூன்று மணி நேரம். முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் மறந்துபோன பாஸ்வேர்டை மீட்க வேண்டும், டிஸ்க் பகுதியைப் பெரிதாக்க வேண்டும், பயனர்களுக்கு அனுமதி பிரித்துக் கொடுக்க வேண்டும், ஃபயர்வாலைத் திறக்க வேண்டும். இணையம் கிடையாது. மெஷினுக்குள்ளேயே இருக்கிற மேன் பக்கங்களை, அதாவது கட்டளைகளுக்கான கையேட்டைப் புரட்டிக்கொள்ளலாம். 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்.

நன்றாகத் தெரிந்தவர்களே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். துவங்கும்போது எந்த டிஸ்க் எங்கே சேர வேண்டும் என்று சொல்கிற எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் தப்பாக எழுதினால் மெஷின் எழுந்திருக்காது, நன்றாகச் செய்த மற்ற வேலையும் அதோடு போய்விடும். அதனால் பழகும்போதே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரீபூட் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். லினக்ஸின் பாதுகாப்புக் காவலாளியான எஸ்இலினக்ஸ் என்றாலே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். வெப் சர்வரை வழக்கமில்லாத 82-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) ஓட வைத்துப் பார், அது அடம் பிடிக்கும். எஸ்இலினக்ஸை அணைக்காமலே அதைச் சரிசெய்ய வருகிற அன்றைக்குத் தேர்வுக்குப் பணம் கட்டலாம்.

பழகுவதற்கு என்ன செலவு? 8 ஜிபி ராம் உள்ள அவளுடைய பழைய லேப்டாப் போதும். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே பல மெஷின்களை ஓட வைக்கிற விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை அதில் போட்டு இரண்டு மெஷின். ரெட் ஹேட்டே தனிநபர்களுக்கு டெவலப்பர் சந்தாவை இலவசமாகத் தருகிறது, 16 மெஷின் வரை போட்டுக்கொள்ளலாம். அது வேண்டாமென்றால் அதே மாதிரியான ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ரெட் ஹேட் லினக்ஸின் பத்தாம் பதிப்பு 2025 மே மாதம் வந்துவிட்டது. ஆகவே எந்தப் பதிப்பில் தேர்வு என்று முதலில் பார்த்து, அதற்குரிய பாடத்திட்டத்தை நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். பழைய யூடியூப் வீடியோவை நம்பி எந்தப் பாடம் உண்டு, எது இல்லை என்று குழம்ப வேண்டாம். டம்ப்ஸ் (முன்பு வந்த கேள்வி-விடைத் தொகுப்பு) விற்கிறவர்களிடம் போகவே போகாதே. கையால் செய்து காட்டுகிற தேர்வுக்கு மனப்பாடம் உதவாது.

தேர்வுக் கட்டணம் மட்டும்தான் பெரிய செலவு. அதையும் முதலில் கம்பெனியில் கேட்கச் சொன்னேன். பாஸானால் திருப்பித் தருகிற கம்பெனிகள் பல உண்டு, கேட்கத்தான் கூச்சப்படுகிறோம். தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் துவக்க வேண்டும், தனி வெப்கேம் வேண்டும், ஒருவர் இணையம் வழியே பார்த்துக்கொண்டே இருப்பார். ஐப்பசி மழையில் நம் ஊர் கரண்டை நம்பி அதில் இறங்காதே, மையத்தில் போய் எழுது என்றேன்.

இந்தச் சான்றிதழ் வந்த மறுநாளே வேலை தேடி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு வருட அனுபவம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. டிக்கெட் மூடுகிற வேலையிலிருந்து அடுத்த நிலைக்கு, முதலில் அதே கம்பெனிக்குள் நகர்வதற்கு, இது ஒரு சாட்சி. பிறகு பிடித்திருந்தால் ஆன்சிபிள் என்கிற தானியக்கக் கருவியைப் படித்து, அடுத்த நிலைச் சான்றிதழான ஆர்எச்சிஇ எழுதலாம். மென்பொருள் பிடுங்கிக்கொண்ட அதே வேலைகளைத் தானாக ஓட வைக்கிறவளாக இவள் ஆகலாம்.

கிளம்பும்போது, "கொழுந்தனாரு கேட்டா என்ன சார் சொல்லட்டு?" என்று தயங்கினார் தாய். என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். பிரசுரத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகள் அதைக் கவனிக்கவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் எத்தனை ஜிபி டவுன்லோடு ஆகும் என்று வாசலில் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.