ஆன் செய்தால் பத்து நிமிடம்!

கேள்வி: 2017-ல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டு சாதம் வடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு புராஜெக்ட் டைப் செய்வதற்குள் அழுதே விடுகிறாள். கடையில் ஃபார்மட் செய்து தந்தார்கள், ஒரு மாதம் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. இப்போது "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அவசரப்படாதீர்கள். மதர்போர்டு கெட்டால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது, அல்லது திடீர் திடீரென்று அணையும். இப்படிப் பத்து நிமிடம் நிதானமாக யோசித்துவிட்டு வேலை செய்யாது. எனக்கு ஹார்டு டிஸ்க் மேல்தான் சந்தேகம். நீங்களே பார்த்துவிடலாம்.

திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும், சிறியதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டுங்கள். 'டிஸ்க்' என்ற பத்தி சிவந்து 100 சதவீதத்திலேயே நிற்கிறதா, சிபியு, அதாவது புராசஸர், மட்டும் 10, 15 என்று சும்மா இருக்கிறதா? அப்படியென்றால் புராசஸர் வேலையில்லாமல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கேபினட் முகப்பில் அந்தச் சின்ன விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும், பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முள் இடம் மாறி மாறிப் படிக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்டு. விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும், முள் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிரைவில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, அதே வேலை 0.1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். ரேம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், 4 ஜிபிதான்; குரோமில் நாலைந்து பக்கம் திறந்தாலே நிரம்பி, மிச்சத்தை டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைக்கும், அதாவது ஏற்கனவே மூச்சு வாங்குகிறவர் தலையில் இன்னொரு மூட்டை. ஃபார்மட் செய்தால் ஒரு மாதம் மட்டும் ஓடியதும் இதனால்தான், அப்டேட்டும் புரோகிராம்களும் சேரச் சேர பழைய சுமை திரும்ப வந்துவிட்டது.

ஆகவே ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கின் இணைப்பிலேயே பொருந்தும் வகை) போட்டு, விண்டோஸை அதில் ஏற்றச் சொல்லுங்கள், கூடவே இன்னொரு 4 ஜிபி ரேமும். ரேம் டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்க வேண்டும், ஒன்று மற்றதில் பொருந்தாது. என் வீட்டுப் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மட்டும்தான் போட்டேன், நாலு நிமிடம் எடுத்தது அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியது: டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பக்கத்தில் தேவையில்லாததை டிசேபிள் செய்வது, இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குவது.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்களுடையது 7-ம் தலைமுறை இன்டெல் புராசஸர் அல்லது அதற்கும் பழையது என்றால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்டின் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை. டைப் அடிக்க, படம் பார்க்க, பாடம் படிக்க விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான். அப்டேட் வராத விண்டோஸில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

அப்புறம், எதையும் தொடுவதற்கு முன் போட்டோக்களை ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி எடுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள், மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகு கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வாருங்கள், உங்கள் வீட்டுப் படங்கள் அத்தனையும் இன்னும் அதற்குள் இருக்கின்றன.