பந்தயம் விட்ட குதிரையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: கோவைக்கு அருகே தோட்டம் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்று வருகிறேன். பெங்களூருவில் பந்தயம் ஓடி ஓய்ந்த, ஆறு வயதுக் காயடித்த, தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரையை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஏறப் போனால் அது நிற்பதில்லை. கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமெடுக்கிறது. வயிற்றுப்பட்டையை இறுக்கினால் கடிக்க வருகிறது. ஆள் ஏறியிருக்கும்போது இரண்டு முறை முன்னங்கால்களைத் தூக்கி எழுந்திருக்கிறது. பழக்கிவிட முடியுமா?

பதில்: இந்த நான்கையும் ஒரே முரட்டுத்தனமாகப் பார்க்காதீர்கள். முதல் இரண்டும் அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்டவை. பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள். அசையாமல் நிற்க யாரும் அதைக் கேட்டதே இல்லை. கடிவாள வார் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடவேண்டும் என்பதும் அதன் பாடம்தான். பொறுமையான ஆள் சில மாதங்களில் இவற்றை மாற்றிவிடலாம்.

மூன்றாவது அறிகுறிதான் என்னை நிறுத்துகிறது. குதிரையின் வயிறு இரைப்பை அமிலத்தை நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதைத் தணிக்கும். பந்தயக் குதிரைக்குத் தானியம் அதிகம், புல் குறைவு. வெறும் வயிற்றோடு விரைந்து ஓடும்போது அமிலம் மேலெழுந்து, பாதுகாப்புப் படலம் இல்லாத இரைப்பையின் மேற்பகுதியை அரிக்கிறது. ஓட்டத்தில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருக்கிறது. பட்டை இறுகும்போது கடிக்க வருவது அதன் பழகிய அடையாளம். இரைப்பைக்குள் விட்டுப் பார்க்கும் மூன்று மீட்டர் நீள எண்டோஸ்கோப் குழாய் இருந்தால் நேரில் பார்த்து உறுதிசெய்யலாம். அந்த வசதி கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் நான்கு வாரம் ஒமேப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, எப்போதும் புல் கிடைக்கும்படி செய்து, குணம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள்.

எழுந்து நிற்பதற்கும் முதலில் வலியையே சந்தேகிக்க வேண்டும். சேணம் அமரும் இடத்தில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் கோளாறு இந்த இனத்தில் அடிக்கடி வருகிறது, எக்ஸ்ரேயில் தெரியும். பற்களையும் பொருந்தாத சேணத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். வலி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகும் அது எழுந்தால், உங்கள் அனுபவத்துக்கு அந்தக் குதிரை வேண்டாம். பின்புறமாகச் சாய்ந்து 450 கிலோ உடல் மேலே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

பார்க்கப் போகும்போது, நீங்கள் வருவதற்கு முன் அதை ஓட்டிக் களைப்பாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேணம் பூட்டுவதிலிருந்து பாருங்கள். முதலில் அவர்கள் ஆள் ஏறட்டும். கால்களையும் நடையையும் உங்கள் சார்பிலான மருத்துவர் சோதிக்க வேண்டும். வலிநிவாரணி கொடுத்தால் நொண்டல் தெரியாது. அதனால் அன்றே ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; பிறகு சந்தேகம் வந்தால் சோதிக்கலாம். முன்னங்கால் தசைநார் முன்பு கிழிந்திருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். அது ஆற ஓராண்டு வரை ஆகும். மீண்டும் கிழியும் இடமும் அதுதான். கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

உங்கள் தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடலாம் என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். பச்சைச் சோளப் பயிர் குதிரையின் சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்புகளையும் கெடுக்கும். கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. அதையே முக்கியத் தீவனமாக்கினால் எலும்பு பலவீனமாகும், தாடை வீங்கும். அருகம்புல்லும் நல்ல உலர்புல்லும் போதிய அளவு கிடைக்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு உலர்ந்த நிலையில் எட்டு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு பார்க்க லாடம் அடிப்பவர் வேண்டும். துணைக்கு இன்னொரு குதிரை வேண்டும். லாயக் கூட்டத்தில் வளர்ந்த விலங்கு தனியாக இருந்தால் வேலியையே முட்டும்.

எனவே இன்று "சரி" என்று சொல்லாதீர்கள். வயிற்றுக்கும் முதுகுக்கும் பரிசோதனை செய்ய உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். மறுத்தால் விலகிவிடுங்கள். சம்மதித்து, வலி கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சைக்குப் பிறகு கடிப்பதும் எழுவதும் நின்றால், மூன்று மாதச் சோதனைக் காலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் அவரே திரும்பப் பெற்றுக்கொள்வார், வேறு யாருக்கும் விற்கமாட்டார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆறு வாரம் சேணமே வேண்டாம். புல்வெளியில் விட்டு, கயிற்றில் பிடித்து நடத்தினால் போதும். அதன் பிறகு முதலில் ஏறுவது, பந்தயக் குதிரைகளை மறுபடி பழக்கிய பயிற்சியாளராக இருக்கட்டும்.